32 டிகிரியும் நம் நாட்டு வெயிலும்

வடநாட்டுக் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய்ச் சீசாவை வெயிலில் வைத்து இளக்காத தமிழ் மாணவர் நம்மிடையே உண்டோ? குளிர்ந்தால் உறைவதும் சூடேறினால் இளகுவதும் எண்ணெயின் இயல்பு. இதற்கு நேர்மாறாக நடக்கும் பொருள்களும் உண்டு. அவற்றைக் கொண்டு மனித உடலின் பழுதைச் செப்பனிட விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். அம்முயற்சியில் நம் நாட்டு மாணவர் சிந்திக்க வேண்டிய ஒன்றைக் கூறுவதே என் நோக்கம்.

நுங்கைப் போல நீரைத் தன்னுள் தேக்கி நிற்கும் மூலக்கூற்று வலைக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற நெடும்பெயர் கொண்ட ஜெல், ஏறத்தாழ 32 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே நீரை ஏற்று உப்பும். அதற்கு மேலே நீரை விட்டுச் சுருங்கும். ஜப்பானில் பேராசிரியர் தெருவோ ஒகானோவும் அவர் குழுவினரும் 1990-ஆம் ஆண்டையொட்டி இப்பொருளை உயிரணு வளர்க்கும் தட்டின்மீது மெல்லிய பூச்சாக அமைத்தனர். 37 டிகிரியில் உயிரணுக்கள் தட்டைப் பற்றி வளர்ந்தன. குளிர்வித்ததும் பூச்சு நீரை ஏற்றது, பிடி நழுவியது. டிரிப்சின் என்ற நொதியால் அரித்து எடுக்க வேண்டிய தேவை ஒழிந்தது. பின்னர் உயிரணுக்களை முழு விரிப்பாகவே கழற்றி எடுக்கும் கலை வளர்ந்தது. ஒசாகாவில் 4 நோயாளிகளின் வாயின் உட்சவ்விலிருந்து வளர்த்த விரிப்புகளைத் தையலின்றி அவர்தம் கண்களில் பொருத்தினர். நால்வரின் பார்வையும் தெளிந்தது. 2004-இல் வெளியான இச்செய்தி கதையன்று, உண்மை!

உடலுக்குள் ஊசியால் செலுத்தும் ஜெல்களும் உள்ளன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் சிட்டோசானைக் கிளிசரோபாஸ்பேட்டுடன் கலந்தால், வெளியே நீர்மமாக இருந்து, உடல் வெப்பத்தில் கெட்டிப்படும். உயிரணுக்களையும் உடன் ஏந்திச் செல்லும்.

எல்லாம் சரி. ஆனால், "அறை வெப்பநிலை" என்று நம் நூல்கள் சொல்வது எந்த அறையின் வெப்பநிலை? 20 அல்லது 25 டிகிரி என்று எழுதியவர் குளிர்நாட்டு அறையில் இருந்திருக்கலாம். மே மாதத்தில் 42 டிகிரி கொதிக்கும் ஊரில் மின்சாரம் நின்றுபோனால், தட்டு எப்படிக் குளிரும்? விரிப்பு எப்படிக் கழலும்? அதனினும் பெரிய சிக்கல் ஊசியில் இருக்கிறது. வெளிவெப்பம் உடலின் 37 டிகிரியையும் மிஞ்சும்போது, தான் இருப்பது உடலா ஊசிக்குழலா என்பதை ஜெல் எப்படி அறியும்? நோயாளியை அடையுமுன்பே குழலுக்குள் கெட்டிப்பட்டுவிடும் அன்றோ!

"அறுவைக்கூடம் குளிரூட்டப்பட்டதுதானே" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் மருந்து அங்கே வந்து சேரும் வழியெல்லாம் குளிரூட்டப்பட்டதா?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நீர்விரும்பும் மூலக்கூறுகளைச் சங்கிலியில் சேர்த்தால் மாறும் வெப்பநிலை உயரும். நீர்வெறுப்பவற்றைச் சேர்த்தால் தாழும். வெப்பத்தை மட்டும் நம்பாமல், ஒளிபட்டால் இறுகும்படியும் ஜெல்லை அமைக்கலாம். தடுப்பூசி செல்லும் பனிப்பெட்டியிலேயே இதையும் அனுப்பி, வெளியே எடுத்தபின் மருத்துவருக்குப் போதிய நிமிடங்கள் கிடைக்கும்படி செய்யலாம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 2012-இல் வெளியிட்ட முறையில், கண்ணின் ஓரத்திசுவைச் சிறு துணுக்குகளாக்கிக் கண்ணின் மேலேயே வளரவிட்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செலவே மிச்சமாயிற்று. இடமறிந்து எளிமையாக்குவதும் உயர்ந்த விஞ்ஞானமே.

ஆகவே, ஜெல் ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டில் 25 டிகிரி, 37 டிகிரி அளவுகளோடு இன்னும் ஒரு வரி சேருங்கள்: 40 டிகிரி அறையில், ஊசிக்குழலுக்குள், இது எத்தனை நிமிடம் தாங்கும்? அந்த எண் சிறிதாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதைப் பெரிதாக்குவதே அடுத்து வரும் மாணவனின் வேலையாகட்டும்!