இல்லறக் கணக்கு: விலை மலிந்த வண்டியும் செலவு மலிந்த வண்டியும்



இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலை ஒன்றில் வேலை. வாரம் முழுதும் அங்கே அறையெடுத்துத் தங்குகிறார். சனிக்கிழமை இரவு வீடு திரும்பி, ஞாயிறு மதிய உணவு முடிந்ததும் புறப்பட்டுவிடுகிறார். இளைய மகள் தந்தையை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாளாம். பழைய கார் ஒன்று வாங்கி அவர் நாள்தோறும் வந்துபோக வேண்டும் என்பது இருவரின் விருப்பம். ஸ்ரீபெரும்புதூருக்கு இரயில் இல்லை. வேலை முடியும் நேரத்துக்குப் பேருந்தும் ஒத்துவரவில்லை. கையில் நான்கு இலட்சம் ரூபாய் இருக்கிறது. சகோதரியின் தமையனார் தமது பதினோராண்டுப் பழைய பெரிய வண்டியை இரண்டு இலட்சத்துக்கே தர முன்வந்துள்ளார். அதை வாங்குவதா, அண்ணன் மனம் நோகாமல் மறுப்பதா என்பதே கேள்வி.

மறுப்பதே நலம் என்பது நம் கருத்து. ஏன் என்பதைக் கணக்கே சொல்லட்டும்.

ஒருவழித் தூரம் 75 கிலோமீட்டர் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 150, மாதம் 25 நாள்களுக்கு 3,750, ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய், பெட்ரோல் 100 ரூபாய் எனக் கணக்கின் வசதிக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை இட்டு மாற்றிக்கொள்க. பெரிய வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் மாதம் ஏறத்தாழ 28,750 ரூபாய் எரிந்துபோகும். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் ஓடும் சிறிய டீசல் காருக்கு 15,700 ரூபாய் போதும். மாதந்தோறும் பதின்மூன்றாயிரம் வேறுபாடு! அண்ணன் விட்டுக்கொடுக்கும் இரண்டு இலட்சம் பதினாறே மாதங்களில் புகையாய்ப் போய்விடும். நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு வாங்கும் விலை பெரிது. நூற்றைம்பது ஓடுகிறவருக்கு ஓட்டும் செலவே பெரிது.

பெட்ரோல் காரையும் தள்ளிவிட வேண்டியதில்லை. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடுவதாயின் மாதம் 20,800 ரூபாய் ஆகும். டீசலைவிட ஐயாயிரம் கூடுதல். எனினும் பழுதுபார்க்கும் செலவு பொதுவாகக் குறைவு. ஒன்றைக் கருத வேண்டும்: 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் வண்டிகளுள் பெரும்பாலானவை 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல, மைலேஜ் சற்றுக் குறையும். சி.என்.ஜி. வண்டி சிக்கனமானதே. ஆனால் எரிவாயு நிலையம் போகும் வழியிலேயே இருக்கிறதா என முதலில் பார்த்துவிடுக. உருளையை மூன்றாண்டுக்கொருமுறை சோதித்த சான்றையும் கேட்டுப் பெறுக.

சிறிய டீசல் கார்கள் இப்போது பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையில்தான் கிடைக்கும். மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டது. ஆகவே டீசல் டிசையர் எதுவாயினும் அதற்கு முற்பட்டதே. ஹோண்டா அமேஸ் டீசல் 2023 வரை வந்தது. 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி உண்டு. ஊருக்குள் மட்டுமே ஊர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது தானே எரித்துத் தூய்மையாகிவிடும். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தும்.

இனி, வண்டியைப் பார்க்கும் முறை. மீட்டர் காட்டும் எண்ணை நம்பிவிடாதீர்கள்; அதைத் திருப்பிவைக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய உண்டு. சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். தேய்ந்து வழவழப்பான கிளட்ச் மிதியும் ஸ்டியரிங்கும் உண்மையைச் சொல்லிவிடும். முன்பு டி-போர்டு வாடகை வண்டியாக இருந்து மாற்றப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்மழையிலும் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி மெருகேறி, மலிவாக, வேறு மாவட்டத்துக்கு வந்து நிற்கக்கூடும். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

சிக்கனம் என்று சொல்லி உயிரோடு விளையாடலாகாது. 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார்களில் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயம். அந்தத் தேதிக்குப் பிந்தைய வண்டியாகவே தேடுக என்போம். வேகத்தையும் கணக்கிடுங்கள். 75 கிலோமீட்டரை எண்பதில் ஓட்டினால் 56 நிமிடம், நூறில் ஓட்டினால் 45 நிமிடம். பதினொரு நிமிட ஆதாயத்துக்காகக் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறுகிறது. டீசலும் அதற்கேற்பக் கரைகிறது. இரவு ஷிப்டு வரும் வாரத்தில் அவர் அங்கேயே தங்கட்டும். விழித்த கண்ணோடு விடியற்காலையில் நெடுஞ்சாலையில் வருவதைவிட, மகள் ஒரு வாரம் காத்திருப்பது மேல்.

சுங்கக் கட்டணத்தையும் மறக்கலாகாது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கென 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு, ஓராண்டுக்கு அல்லது 200 முறை சாவடி கடப்பதற்கு. எது முந்துகிறதோ அதுவரை. வழியில் இரண்டு சாவடிகள் இருப்பின் நாளைக்கு நான்கு கடப்பு. ஐம்பதே வேலை நாள்களில் ‘ஆண்டு’ முடிந்துவிடும்! ஆயினும் கடப்புக்குப் பதினைந்து ரூபாய்தான் ஆகிறது என்பதால் அது ஆதாயமே.

அண்ணனைப் பற்றி: மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடமே காட்டுங்கள், சகோதரி. பதினோராண்டு வண்டி வைத்திருந்தவருக்கு நாம் சொல்வதைவிட அதிகம் தெரியும். கார் பார்க்கப் போகும்போது, ‘அண்ணா, நீங்கள் வந்து பார்த்துச் சொன்னால்தான் வாங்குவோம்’ என்று அழைத்துச் செல்லுங்கள். விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்திருப்பின், அது தீர்ந்ததற்கான வங்கிக் கடிதத்தையும் படிவம் 35-ஐயும் வாங்கிய பிறகே முழுப் பணம் தருக. படிவம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே கையெழுத்து ஆகட்டும், ஆர்.சி.யோடு இன்சூரன்ஸையும் பதினான்கு நாள்களுக்குள் பெயர்மாற்றத்துக்குக் கொடுத்துவிடுக. அண்ணன் தமது வண்டியை வேறொருவருக்கு விற்கும்போது அவருக்கும் இதைச் சொல்லுங்கள். வண்டியைக் கைமாற்றிய பிறகும் பெயர் மாறாதிருந்தால், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவரையே சாரும் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.