ஒரு தடவையாவது கையால் கம்பைல் செய்யுங்கள்

பக்கத்து வீட்டுப் பையன் ஒரே வரி தட்டினான். அவனுக்கு வேண்டிய லைப்ரரியும், அது கேட்ட மற்ற லைப்ரரிகளும் தாமாகவே இறங்கிவிட்டன. "உள்ளே என்னப்பா வந்தது?" என்றேன். "தெரியாது அங்கிள், ஓடுது!" என்றான்.

1994-இல் ஆவடியில் எங்கள் அலுவலக யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷனில் லேபேக் என்ற கணித லைப்ரரியை ஏற்றினேன். டேப்பில் வந்தது வெறும் மூல நிரல். மேக்ஃபைலைத் திருத்தி, 'மேக்' கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கம்பைல் ஆகியிருந்தது. ஆனால் என் புரோகிராமோடு இணைத்தபோது பக்கம் பக்கமாகப் பிழை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் சின்னது. லேபேக் தன் அடிப்படைக் கணக்குகளுக்கு பிளாஸ் என்ற இன்னொரு லைப்ரரியைக் கூப்பிடும். இணைக்கும் கட்டளையில் கேட்பவர் பெயர் முன்னால், கொடுப்பவர் பெயர் பின்னால் வரவேண்டும். நான் மாற்றி எழுதியிருந்தேன். எது எதன்மேல் நிற்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

இந்தக் காலத்தில் இது வீண்வேலை என்பீர்கள். 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் லைப்ரரியில், கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட் வழியாகவே யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தார்கள். லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது. அவரும் "ஓடுது" என்று விட்டிருந்தால்?

தினமும் கையால் செய்யச் சொல்லவில்லை. கல்லூரியில் ஒரே ஒரு லைப்ரரியையாவது மூல நிரலிலிருந்து கம்பைல் செய்ய வையுங்கள். பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து படிக்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.