703ம் நம்ம ஊர் கணித மேதையும்

703ஐ ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டுத்தொகையாக எழுதிப் பாருங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது பெரிதாகிவிடும். எனவே இரண்டின் ஆறாம் அடுக்கான 64 பத்து முறை, 1 அறுபத்து மூன்று முறை. மொத்தம் 73 எண்கள்.

எவ்வளவு பெரிய முழு எண்ணுக்கும் 73க்கு மேல் தேவைப்படாது! கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீராத இந்த விஷயத்தை 1940ல் நிரூபித்தவர் எஸ்.எஸ்.பிள்ளை. குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர். அன்று திருநெல்வேலி மாவட்டம், இன்று தென்காசி. 1950ல் அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் 49 வயதில் இறந்தார்.

ராமானுஜனை அறிந்த நெல்லை மாணவர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? சிலையெல்லாம் வேண்டாம். தாமிரபரணிக் கரைப் பள்ளிகளில் கரும்பலகையில் 703 என்று எழுதி, மாணவர்களையே பிரித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.