‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லாதீர்கள்!

பள்ளிக்கூட அட்மிஷன் சமயம் வந்துவிட்டால் எங்கள் வேப்பம்பட்டுத் தெருவில் எல்லார் கையிலும் ஒரு ஃபாரம் இருக்கும். அப்படித்தான் போன வாரம் அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். “அக்கா, எல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அடுப்பிலே பால் வச்சுட்டு வந்திருக்கேன்” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் பெயர், வேலை, சம்பளம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். ‘தாயார் தொழில்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு!

“என்னம்மா இது, கோடு போட்டிருக்கே?”

“நான் வீட்டிலே சும்மாதானே அக்கா இருக்கேன். என்னத்தை எழுதறது?”

இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. தோளில் ஈரத்துண்டு. காலை ஏழு மணி எலெக்ட்ரிக் டிரெயினுக்குக் கணவருக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு, மாமியாருக்கு பி.பி. மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பிவிட்டு வந்து நிற்கிறவள், ‘சும்மா இருக்கேன்’ என்கிறாள்!

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்கிறோம்? அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறோம். ஆனால் இந்த ஒரு வார்த்தையால் நமக்கு எத்தனை நஷ்டம் தெரியுமா? ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைப் பற்றிப் பல வருஷங்களாகவே கவலைப்பட்டு வந்திருக்கிறார்கள்.

1970-களின் நடுவில் தேவகி ஜெயின் என்ற பொருளாதார அறிஞர், ராஜஸ்தான், மேற்கு வங்காளக் கிராமங்களில் பெண்களின் நேரத்தைக் கணக்கெடுத்தார். சர்க்கார் கணக்கில் ‘வேலை செய்யாதவர்கள்’ என்று எழுதப்பட்டிருந்த பெண்கள் பலர், உண்மையில் மாடு மேய்த்துக்கொண்டும் புல் அறுத்துக்கொண்டும் இருந்தது அதில் தெரிந்தது. ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்று கேட்டால் வராத பதில், ‘நேற்று எத்தனை மணிக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்டால் வந்துவிடுகிறது, பாருங்கள்.

பிறகு 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை மத்திய சர்க்காரே ஆறு மாநிலங்களில் இப்படி நேரக் கணக்கு எடுத்தது. நம் தமிழ்நாடும் அதில் ஒன்று. மொத்தம் 18,591 வீடுகள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும், பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிப்பதற்கும் பெண்கள் வாரத்துக்குச் சுமார் 34½ மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று தெரிய வந்தது. ஆண்கள்? சுமார் 3½ மணி நேரம்தான்!

2019-ல் நாடு முழுவதற்கும் எடுத்தார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள 100 பெண்களில் 81 பேர் அன்றாடம் வீட்டு வேலை செய்தார்கள். 100 ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு சராசரி பார்த்தால், பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. குழந்தைகளையும் பெரியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. அதற்குத் தனியாகப் பெண்ணுக்கு 137, ஆணுக்கு 75. ஐந்து வருஷத்தில் நம் பாரம் பத்து நிமிஷம் குறைந்தது. ஆனால் வீட்டு ஐயாக்களின் பங்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டதே!

“சரி அக்கா, கணக்கெடுத்து என்ன ஆகப் போகுது? பாத்திரம் நான்தானே தேய்க்கணும்?” என்றாள் என் பக்கத்து வீட்டுப் பெண். நியாயமான கேள்விதான்.

சாலை விபத்தில் ஒரு குடும்பத் தலைவி இறந்துபோனால், நஷ்டஈட்டுக்கு அவளுடைய வருமானம் என்ன என்று கோர்ட் கேட்கும். சும்மா இருந்தவளுக்கு என்ன வருமானம் போடுவது? 2021 ஜனவரியில் இப்படி ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் நான் மேலே சொன்ன 299, 97 என்ற கணக்கையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 2001 சென்ஸஸில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், சிறைக்கைதிகளோடு சேர்த்து உழைக்காதவர்கள் பட்டியலில் வைத்ததை 2010-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்திருக்கிறது. 2023 ஜூனில் நம் சென்னை ஹைகோர்ட், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பத்தைக் கட்டிக் காத்த ஒரு வழக்கில், வாங்கிய சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

ஆக, நம் அரை மணி நேரங்கள் ஒருநாள் கோர்ட் வரைக்கும் போகின்றன!

ஆனால் சரியான கணக்கு வர வேண்டுமானால் சரியான பதில் நம்மிடமிருந்து வர வேண்டாமா? இந்தக் கணக்கெடுப்பில், முதல் நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை அரை மணியாகக் கேட்டு எழுதுவார்கள். ஒரே அரை மணியில் இரண்டு மூன்று வேலை செய்திருந்தாலும் எழுத இடம் உண்டு. நாம் என்ன செய்கிறோம்? “சமைச்சேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சமைத்துக்கொண்டே குழந்தைக்கு ஊட்டியதையும், பெரியவனுக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொன்னதையும் யார் சொல்வது?

அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். ஒரே ஒரு நாள், பழைய நோட்டு ஒன்றில் அரை மணிக்கு ஒரு வரி போட்டு எழுதிப் பாருங்கள். துணி மடித்தது, ரேஷன் க்யூவில் நின்றது, வேனுக்காகத் தெருமுனையில் காத்திருந்தது, ராத்திரி குழந்தைக்கு ஜுரம் என்று விழித்தது, ஒன்றையும் விடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட நேரம், ஓய்வாகப் படுத்த நேரம் இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். அந்த இரண்டு வரியும் காலியாக இருந்தால் அது உங்கள் உடம்புக்கு ஓர் எச்சரிக்கை.

எழுதியதைச் சண்டைக்கு ஆயுதமாக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக இருக்கும்போது கணவரிடம் காட்டி, “இதில் எந்த அரை மணியை நீங்க எடுத்துக்கறீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். பெண் குழந்தையிடம் மட்டும் இல்லை, பையனிடமும்தான். தண்ணீர் பாட்டில் நிரப்புவதற்கும் தட்டு எடுத்து வைப்பதற்கும் ஆண், பெண் என்று என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்தப் பெண், கோட்டை அடித்துவிட்டு ‘இல்லத்தரசி’ என்று பெரிய எழுத்தில் எழுதினாள். அதற்குள் அவள் வீட்டிலிருந்து தீய்ந்த வாசனை! “ஐயோ அக்கா, பால்!” என்று ஓடினாள்.

“அடுப்பு துடைக்கிற அரை மணியையும் நோட்டிலே எழுதிக்கோ!” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.