பாடமும் பரிசோதனையும்

ஒரே குடுவையில் வளர்ந்த உயிரணுக்களைத் தட்டின் மூன்று குழிகளில் பிரித்து ஊற்றி, மூன்றிலும் ஒரே நாளில் ஒரே மருந்தைச் சேர்த்து, மூன்று அளவுகள் கிடைத்துவிட்டபடியால் தாம் மும்முறை பரிசோதித்ததாகவே குறிப்பேட்டில் எழுதி வைக்கும் முனைவர் பட்ட மாணவரை, உயிர்மருத்துவ ஆய்வுக்கூடங்களோடு பழகியவர்கள் அறிவார்கள். உண்மையில் அவர் செய்தது ஒரே பரிசோதனை. மும்முறை அளந்தார், அவ்வளவே. புள்ளியியல் தேர்வில் அவர் நல்ல மதிப்பெண் பெற்றவராகவும் இருக்கக்கூடும். ஆனால் வகுப்பறையில் கேட்ட சாஸ்திரம் கையிலிருந்த பிப்பெட்டோடு ஒருநாளும் சம்பந்தப்படவில்லை.

ஆராய்ச்சி மாணவருக்குப் பாட வகுப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியதும், 2022ஆம் ஆண்டு விதிகளில் ஆராய்ச்சி நெறிமுறைப் பாடம் உட்படக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டுமென வகுத்ததும் உத்தமமான நோக்கத்தால்தான். ஆயினும், அவ்வகுப்புகள் மெய்யான ஆராய்ச்சிக்கு முன் விரைவில் கடந்துவிட வேண்டிய சடங்கு என்ற மனோபாவம் மாணவரிடமும் நெறியாளரிடமும் வேரூன்றிவிட்டால், விதியின் சாரம் போய்ச் சக்கையே மிஞ்சும்.

சோதனை மேசையில் கவனம் தவறுவதன் விளைவு அற்பமானதன்று. வெவ்வேறு மனிதரிடமிருந்து வந்தவை என்று உலகம் நம்பியிருந்த 18 உயிரணு வகைகள், ஹென்ரியேட்டா லாக்ஸ் என்னும் ஒரே பெண்மணியின் ஹீலா உயிரணுக்களாகவே தோன்றுகின்றன என்று 1966ஆம் ஆண்டில் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக்காட்டினார். புற்றுநோய் பற்றிய 53 முக்கிய ஆய்வுகளை அம்ஜென் மருந்து நிறுவனத்தார் மீண்டும் செய்து பார்த்தபோது, ஆறின் முடிவுகளையே உறுதிசெய்ய முடிந்ததென 2012ஆம் ஆண்டில் பெக்லியும் எல்லிஸும் எழுதினர்.

ஆதலால் முதலாண்டுப் பாடத்தின் ஒரு பகுதியைச் சோதனை மேசைக்கே கொண்டு செல்லுதல் அவசியம். தம் ஆய்வுக்கூடம் முன்னரே வெளியிட்ட ஒரு பரிசோதனையை மாணவர் தெரிந்தெடுத்து, எத்தனை தனித்தனி நாள்களில் செய்வது என்பதைப் புள்ளியியல் ஆசிரியரோடு அமர்ந்து முன்கூட்டியே நிச்சயித்து, எந்தக் குழியில் எம்மருந்து என்பதை வேறொருவர் மறைத்து வைக்க, முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் உள்ளபடி எழுதி ஒப்படைப்பதே அவருக்குத் தேர்வாகட்டும். காலம் வீணாகுமே என்று ஆட்சேபிப்போர், பிழையான அஸ்திவாரத்தின்மேல் எழும் மூன்றாண்டு உழைப்பை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் புதிதாக வளர்த்த உயிரணுக்களோடு முதலிலிருந்து தொடங்கும் பொறுமை அம்மாணவருக்கு வாய்க்குமானால், என்றோ ஒருநாள் அம்மருந்தை நம்பி உட்கொள்ளப்போகும் நோயாளிக்கு நாம் செய்யவேண்டிய கடமையில் ஒரு பகுதியேனும் நிறைவேறும்.