அந்த ‘ஹீ’ யார்?



இம்முறை ஆங்கில நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம். “பந்து விளையாட்டில் என்ன சார் பாடம்?” என்று கேட்டுவிடாதீர்கள். ஆங்கிலத் தேர்வில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இரண்டு இடங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, தெரிந்த சொல்லுக்கு வரும் தெரியாத பொருள். மற்றொன்று, பெயருக்குப் பதிலாக வரும் சின்னஞ்சிறு சொல் யாரைக் குறிக்கிறது என்பது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘புக்’ என்றால் புத்தகம் என்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஓர் ஆட்டக்காரர் ‘புக்ட்’ ஆனார் என்றால், அவர் செய்த தவற்றுக்காக நடுவர் மஞ்சள் அட்டை காட்டி, அவர் பெயரைக் குறித்துக்கொண்டார் என்று பொருள். ‘கிளீன் ஷீட்’ என்பது துவைத்து மடித்த படுக்கை விரிப்பு அன்று; ஒரு கோலும் விடாமல் ஆட்டத்தை முடிப்பது. ஒருவருக்கு ஐம்பது ‘கேப்’ என்றால் அவரிடம் ஐம்பது தொப்பி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அவர் நாட்டுக்காக ஐம்பது ஆட்டம் ஆடியவர். இங்கிலாந்தில் நாட்டுக்காக ஆடியவருக்குத் தொப்பி வழங்கிய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. ‘டிரா’ என்பதற்கோ இரண்டு பொருள். ஆட்டம் முடிந்தபின் வந்தால் வெற்றி தோல்வி இல்லை; போட்டி தொடங்குமுன் வந்தால், யாரோடு யார் மோதுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பது.

பட்டப்பெயர்களும் பிள்ளைகளைக் குழப்பும். ஆறுமுகம், ‘கீப்பர்’, ‘கஸ்டோடியன்’, ‘ஸ்பைடர்மேன்’ என நான்கு வரிகளில் நான்கு பெயர் வந்தால், நான்கு பேர் என்று பிள்ளை நினைக்கிறது. எல்லாம் ஒருவர்தான்! சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்று, 1988-இல் சாலை விபத்தில் மறைந்த நம் ஆர். ஆறுமுகம்தான் அவர். ‘ஃபிளையிங் டாக்டர்’ என்றால் விமானத்தில் வரும் வைத்தியர் அல்லர். 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற ஓட்டவீரர் டாக்டர் எம். ஜெகதீசன்.

இனி, பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள். 1980-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்றது. ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலைப் போட்டார். இதை வைத்து நாமே மூன்று வாக்கியம் அமைப்போம்.

‘மலேசியா பீட் சவுத் கொரியா. இட் கேவ் தெம் எ பிளேஸ் இன் மாஸ்கோ. பட் தே டிட் நாட் கோ.’

‘தெம்’ யார்? பக்கத்தில் நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை ‘தென்கொரியா’ என்று எழுதும். தோற்றவனுக்கு இடம் கொடுப்பார்களா? ‘தெம்’ நம் மலேசிய அணி. ‘இட்’ பந்தும் அன்று, நாடும் அன்று, அந்த வெற்றி. ‘தே’ மறுபடியும் நம்மவர்களே. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. உழைத்துப் பெற்ற இடம் கைக்கு வந்தும் நம் வீரர்கள் போகவில்லை. ‘தெம்’ யார் என்று தெரியாத பிள்ளைக்கு அந்த வேதனையும் விளங்காது.

இன்னொன்று. ‘தலைவர் தம் தவற்றைச் சொன்னார்’ என்றும், ‘அவர் தவற்றைச் சொன்னார்’ என்றும் தமிழில் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹிஸ்’ ஒன்றுதான். தவறு யாருடையது என்பதை முன்பின் வரிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பழி வேறொருவர் தலையில் விழும்.

“எங்களுக்கே ஆங்கிலம் வராதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?” என்று தோட்டத்திலும், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் இருக்கும் பெற்றோர் கேட்கலாம். கவலை வேண்டாம். உங்களுக்கு ஆட்டம் தெரியும். பிள்ளை வாசிக்கட்டும். ‘ஹீ’, ‘இட்’, ‘தே’ வரும்போதெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, உரிய பெயருக்கு ஒரு கோடு இழுக்கட்டும். “பந்தைக் கையால் பிடித்தவர் யாராக இருக்க முடியும்?” என்று அப்பாவோ மாமாவோ கேட்டால் போதும், பிள்ளை தானே கோல் காவலரிடம் போய்ச் சேரும். வாரம் ஒரு செய்தி, கால் மணி நேரம். பழைய நாளேடே போதும்.

இது எஸ்.பி.எம். தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணோடு முடிகிற சங்கதி அன்று. நாளை வேலை ஒப்பந்தமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமோ உங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரலாம். அதில் ‘ஹீ’ தொழிலாளியா முதலாளியா, ‘இட்’ வீடா கம்பெனியா என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நடுவரிடம் முறையிட முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் இன்று பந்தாட்டச் செய்தியில் தொடங்கட்டும்.