கதையும் ஆட்டமும்

கணினி விளையாட்டென்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் எம்மிடையே பலர் உளர். அவர்களோடு வழக்காடுதல் ஈண்டு எம் நோக்கமன்று. இன்றைய மாணவர் சிலர் விளையாடுவதோடு அமையாது, தாமே விளையாட்டுக்களை இயற்றவும் முற்படுகின்றனர். இஃது உவக்கத்தக்கதே. ஆயின், அவருட் பலர் கதையை முன்னே நீள எழுதி, ஆட்டத்தைப் பின்னே ஒட்டிவிடுகின்றனர். அரசன் வரலாறு, நாட்டு வரலாறு, சாப வரலாறு எனத் திரை நிறைய எழுத்தோடுகின்றது. ஆடுவோனோ அவற்றைத் தாண்டிச் செல்லும் பொத்தானைத் தேடுகின்றான். தமிழாசிரியராகிய எமக்கே அக்கதையை வெட்டுக என்று சொல்லத் தோன்றுகின்றதே!

கதையின்றியும் ஆட்டம் சிறக்கும். 1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய 'டெட்ரிஸ்' என்பது, விழுகின்ற கட்டைகளை அடுக்குவதன்றி வேறில்லை. கதையும் வேண்டுமென்பார் லூக்காஸ் போப் என்பவர் 2013 இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்பதை நோக்குக. அதில் ஆடுவோன், கற்பனை நாடொன்றின் எல்லையிற் கடவுச்சீட்டுப் பார்க்கும் உத்தியோகத்தன். தாள்களை ஒப்புநோக்கி முத்திரை குத்துவதே அவன் தொழில். ஆளுக்கு இவ்வளவென்று கூலி. பிழை மிகுமாயின் தண்டம். மாலையில் அக்கூலியைக் கொண்டே வாடகை, உணவு, குளிர்காயும் செலவு யாவும் தீர்க்கவேண்டும். போதாவிடின் வீட்டார் நோயுறுவர். ஒருநாள் கணவனொருவன் குறைவற்ற தாள்களோடு கடந்து செல்கின்றான். பின்னே வரும் மனைவியிடம் அனுமதிச்சீட்டு இல்லை. அவளை விடுவதா, தடுப்பதா? அங்கே நீண்ட வசனம் எதுவுமில்லை. முத்திரை பிடித்த கை தயங்குகின்றதே, அத்தயக்கந்தான் கதை.

"கதையைக் குறைத்தால் எம்மூரார் பட்டதை எவ்வாறு சொல்வது?" என மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தோர் கதையை ஒருவர் விளையாட்டாக்க விரும்புகின்றார் என்று கொள்வோம். பத்துப்பக்க முன்னுரை வேண்டா. ஆடுவோனிடம் ஒரு துவிச்சக்கரவண்டியைக் கொடுக்கட்டும். அரிசி மூடை, தையல் இயந்திரம், நடக்கமாட்டாத பாட்டி, பிள்ளைகளின் புத்தகங்கள் யாவும் முற்றத்தில் இருக்கட்டும். வண்டியோ எல்லாவற்றையும் தாங்காது. மூடையை ஏற்றினாற் பாட்டிக்கு இடமில்லை. பாட்டியை ஏற்றினால் மூன்றாம் நாள் சோறில்லை.

இதனைக் கணினியில் ஏற்றுமுன், கடதாசித் துண்டுகளை வெட்டி நண்பனொருவனை ஆடச்செய்து பார்க்கலாம். அவன் மூடையின்மேற் கைவைத்துச் சற்றே நின்றானாயின், அதன்பின் இரண்டு வரி எழுதினாற் போதும்.